நூறு விழுக்காடு உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கும் முன்

கேள்வி: பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். மகள் இந்த ஆண்டு, ஐந்தாம் படிவ முடிவில் வரும் அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம். எழுதுகிறாள். பதினொரு பாடம், பள்ளியின் டிரையல் (முன்னோட்டத்) தேர்வில் 8ஏ. கணினி அறிவியல் படிக்க ஆசை. கோலாலம்பூர் பக்கம் உள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் நூறு விழுக்காடு உபகாரச் சம்பளம் (கல்வி உதவித்தொகை) தருவதாகச் சொல்கிறார்கள். அதற்கு எப்படித் தயாராவது? கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடலாமா?

பதில்: கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள். சில குடும்பங்களுக்குக் கோலாலம்பூரில் கிடைக்கும் நூறு விழுக்காட்டைவிட வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் ஐம்பது விழுக்காடு மலிவாக முடிகிறது. அந்தக் கணக்கைக் கீழே எண்ணோடு தருகிறேன். முதலில் போட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரத்தில் ஒரே பெயரில் வந்தாலும் ‘நூறு விழுக்காடு’ என்பது இரண்டு வகை. முதல் வகை தேர்ச்சியைப் பார்த்துத் தரும் கட்டணத் தள்ளுபடி. இத்தனை ஏ எடுத்தால் இத்தனை விழுக்காடு என்று ஒரு அட்டவணை இருக்கும். முடிவுச் சீட்டைக் காட்டினால் வேலை முடிந்தது. கட்டுரையும் கிடையாது, நேர்முகமும் கிடையாது. இரண்டாவது வகையில் ஒரு குழு உட்கார்ந்து ஆளைத் தேர்ந்தெடுக்கும். விண்ணப்பம், கட்டுரை, ஆசிரியர் பரிந்துரை, குழு விவாதம், நேர்முகம் என்று அது இரண்டு மாதம்கூட இழுக்கும். இடங்கள் கொஞ்சம்தான். 11ஏ வைத்திருப்பவர் வெளியே போவதும் 8ஏ வைத்திருப்பவர் உள்ளே வருவதும் இதில் சாதாரணம். சில இடங்களில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சன்வே பல்கலைக்கழகத்தில், 2010-இல் தொடங்கிய ஜெஃப்ரி சியா அறக்கட்டளையின் கீழ் வெவ்வேறு பெயர்களில் பல உபகாரச் சம்பளங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி நிபந்தனை. அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எந்த உபகாரச் சம்பளம், எந்த ஆண்டின் நிபந்தனை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அட்டவணைகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. அக்காள் மகனுக்குப் போன வருடம் கிடைத்தது என்பது இந்த வருடத்துக்கு உதவாது.

ஏ எண்ணும் விதத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எஸ்.பி.எம்.மில் ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ் என்று மூன்று படி உண்டு. சில பல்கலைக்கழகங்கள் மூன்றையும் ஒரே ஏ-வாக எண்ணும். சில ஏ மைனஸைக் கழித்துவிடும். முழுக் கட்டணத் தள்ளுபடிக்கு ஏ பிளஸ் மட்டுமே கணக்கு என்று வைத்திருப்பதும் உண்டு. இது சின்ன விஷயமில்லை. 10ஏ எடுத்த எல்லாருக்கும் மெட்ரிகுலேஷனில் (அரசாங்கத்தின் பல்கலைக்கழக முன்படிப்பில்) இடம் என்று 2024-இல் பிரதமர் அறிவித்த பிறகு, ஏ மைனஸ் அந்தப் பத்தில் சேருமா என்று 2025-இல் நாடு முழுக்கச் சர்ச்சை ஓடியது. அரசாங்கத்திலேயே இந்த நிலை என்றால் ஒரு கல்லூரியின் விளம்பரத் தாளில் என்ன தெளிவு இருக்கும்? மகளின் 8ஏ-வில் மூன்று ஏ மைனஸ் என்றால், ஒரு இடத்தில் அவள் 8ஏ மாணவி, இன்னொரு இடத்தில் 5ஏ மாணவி.

அடுத்தது தமிழ்மொழி, தமிழ் இலக்கியம். பதினொரு பாடம் எடுத்திருப்பதால் இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். ‘மொத்த ஏ’ என்று எண்ணும் இடத்தில் இவை முழுதாகக் கைகொடுக்கும். ‘சிறந்த எட்டுப் பாடம்’ என்று எண்ணினாலும் சேரும். ‘குறிப்பிட்ட பாடங்களில் மட்டும்’ என்று எண்ணும் இடத்தில் சேராது. கணினி அறிவியலுக்குக் கூடுதல் கணிதம்தான் எடை போடும் பாடம். அதில் பி-யும் இலக்கியத்தில் ஏ பிளஸும் இருந்தால் எண்ணிக்கை அழகாக இருக்கும், ஆனால் குழு முகம் சுளிக்கும். தேர்வுக்கு இன்னும் வாரங்கள் இருக்கின்றன என்றால், டிரையலில் ஏ மைனஸும் பி பிளஸும் வந்த பாடங்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் கூடுதல் கணிதம், ஆங்கிலம், கணிதம் மூன்றுக்கும் முதலில் நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். உபகாரச் சம்பளத்தின் பார்வையில் எல்லா ஏ-வும் ஒரே விலை இல்லை.

நாட்களைப் பற்றி. எஸ்.பி.எம். 2023 முடிவு 2024 மே 27-இல் வந்தது. எஸ்.பி.எம். 2024 முடிவு 2025 ஏப்ரல் 24-இல் வந்தது. ஒரு மாத வித்தியாசம். ஆனால் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை மாதங்கள் அவ்வளவாக நகர்வதில்லை, ஆகவே முடிவு வந்த பிறகு விண்ணப்பிக்க எவ்வளவு நாள் மிஞ்சும் என்பது ஒவ்வோர் ஆண்டும் வேறுபடும். இதனால்தான் டிரையல் முடிவை வைத்தே விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். அப்படிக் கிடைக்கும் கடிதம் நிபந்தனைக் கடிதம்தான். உண்மை முடிவு குறைந்தால் விழுக்காடும் குறையும். முடிவு கூடினால் விழுக்காடு தானாகக் கூடுமா என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. சில இடங்களில் முடிவுச் சீட்டை ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் மறுபடி அனுப்பினால்தான் உயர்த்துவார்கள். அந்த நாள் தாண்டினால் பழைய விழுக்காடே நிற்கும்.

ஆவணங்களில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. டிரையல் முடிவு, மூன்றாம் படிவத்திலிருந்து புறப்பாடச் சான்றிதழ்கள், புறப்பாட நடவடிக்கைக்குப் பள்ளி தரும் பி.ஏ.ஜே.எஸ்.கே. புள்ளி, பள்ளியின் நற்சான்று, மைகார்ட் நகல், வருமானத்தையும் பார்க்கும் உபகாரச் சம்பளமாக இருந்தால் பெற்றோரின் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முதலாளி தரும் ஆண்டு வருமானச் சீட்டான இ.ஏ. பாரம் அல்லது வருமான வரிக் கணக்கு. சொந்தத் தொழில், லாரி ஓட்டுவது, கடை என்றால் வருமான உறுதிக் கடிதம் வாங்க நாள் பிடிக்கும், அதை மட்டும் முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியருக்குக் குறைந்தது இரண்டு வாரம் கொடுங்கள். பள்ளி முதல்வரின் கையெழுத்தைவிட, மகளை இரண்டு ஆண்டு பார்த்த இயற்பியல் ஆசிரியர் எழுதும் ஒரு பக்கம் மதிப்பு அதிகம். முதல்வர் எல்லாருக்கும் ஒரே கடிதத்தில் பெயரை மாற்றித் தருவது குழுவுக்கும் தெரியும்.

இனி கட்டுரை. ஐந்நூறு சொல் அளவில் ‘உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்’ என்ற மாதிரிதான் பெரும்பாலும் கேட்பார்கள். நம் பிள்ளைகள் இரண்டு பள்ளத்தில் விழுகிறார்கள். ஒன்று, பதவிப் பட்டியல்: தமிழ்மொழிக் கழகத் தலைவி, சீருடை இயக்கத்தில் துணைத் தலைவி, நெட்பால் அணி, பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு. இதெல்லாம் சான்றிதழிலேயே இருக்கிறது. மறுபடி எழுதினால் இடம்தான் வீண். இன்னொன்று, கஷ்டக் கதை. வருமானத்தைப் பார்க்கும் உபகாரச் சம்பளத்தில் குடும்ப நிலையைச் சொல்வது சரி, அதற்கென்று தனிப் பகுதியே இருக்கும். தேர்ச்சிக்கான போட்டியில் கட்டுரை முழுக்க அப்பாவின் கடனைப் பற்றி எழுதினால், படிப்பவருக்கு இரக்கம் வரும், ஆனால் புள்ளி போட ஒன்றும் இருக்காது.

புள்ளி விழுவது செய்த வேலைக்கு. ஓர் எடுத்துக்காட்டு. ‘நான் தமிழ்மொழிக் கழகத் தலைவியாக இருந்து தலைமைத்துவத்தைக் கற்றுக்கொண்டேன்’ என்ற வாக்கியத்தை எந்தக் குழுவும் நூறு முறை படித்திருக்கும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கழகத்தில் 60 பேர் பெயர் இருந்தது, கூட்டத்துக்கு வந்தது 12 பேர். சனிக்கிழமை பஸ் குறைவு என்று தெரிந்ததும் கூட்டத்தை வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்த கையோடு மாற்றினேன். அடுத்த மாதம் 35 பேர் வந்தார்கள். ஐந்தாம் படிவத்தார் மட்டும் வரவில்லை, அவர்களுக்கு அந்த நேரம் டியூஷன்.’ இதில் ஒரு பிரச்சினை இருக்கிறது, காரணம் தேடியது இருக்கிறது, எண் இருக்கிறது, தீராமல் விட்டதும் இருக்கிறது. அந்தக் கடைசி வரிதான் நேர்முகத்தில் கேள்வியாக வரும். ‘அவர்களுக்காக என்ன செய்திருப்பாய்?’ என்று கேட்டால் மகளிடம் பதில் இருக்க வேண்டும். கட்டுரையை சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கிய பிள்ளைகள் சறுக்கும் இடமும் இதுவே. எழுத்து வழுக்கிக்கொண்டு போகும், கேள்வி கேட்டால் உள்ளே ஒன்றும் இருக்காது. ஆங்கிலப் பிழை திருத்த அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. சம்பவம் அவளுடையதாக இருக்க வேண்டும்.

அப்புறம், ஒரே கட்டுரையை ஆறு இடத்துக்கு அனுப்பும்போது பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்ற மறக்காதீர்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் சுபாங் ஜெயாவுக்குப் போன கட்டுரையில் புக்கிட் ஜாலில் பல்கலைக்கழகத்தைப் புகழ்ந்திருந்தால் அங்கேயே கதை முடிந்தது.

குழு விவாதத்தில் ஆறு முதல் எட்டுப் பேரை ஒரு மேசையில் உட்கார வைத்து, ஒரு சூழலைக் கொடுத்து, இருபது முப்பது நிமிடத்தில் ஒரு முடிவுக்கு வரச் சொல்வார்கள். அதிகம் பேசுபவருக்குத்தான் புள்ளி என்று நினைத்து முதல் ஐந்து நிமிடத்தை ஒரே ஆள் பிடுங்கிக்கொள்வது வழக்கமான தவறு. ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவர்கள் பார்ப்பது வேறு: நேரத்தைக் கவனித்தது யார், பேசாதவரை இழுத்தது யார், மற்றவர் சொன்னதன்மேல் அடுத்த கருத்தைக் கட்டியது யார். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு இதில் ஒரு நல்ல வழி உண்டு. ‘இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது, இதுவரை இரண்டு யோசனை வந்திருக்கிறது, எதற்குச் செலவு குறைவு?’ என்று நடுவில் ஒரு தடவை தொகுத்துச் சொன்னாலே அவள் பெயர் தாளில் ஏறிவிடும். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய் என்று வளர்ந்த பிள்ளைக்கு அறிவு குறைவில்லை, வாய் திறக்கும் பழக்கம்தான் குறைவு. நான்கைந்து தோழிகளைச் சேர்த்து, கைப்பேசியில் முப்பது நிமிடம் வைத்து, வாரம் இருமுறை ஆங்கிலத்தில் விவாதிக்கச் சொல்லுங்கள். பதிவு செய்து திரும்பக் கேட்டால் எங்கே திணறுகிறோம் என்று அவர்களுக்கே தெரியும்.

தனி நேர்முகம் பெரும்பாலும் கால் மணி நேரம்தான். ‘ஏன் கணினி அறிவியல்?’ என்ற கேள்விக்கு ‘எதிர்காலம் இருக்கிறது’ என்ற பதில் செல்லாது. அவள் தானே செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு ஒரு சிறிய ஆர்டர் படிவம் செய்திருந்தாலும் போதும், அது எங்கே உடைந்தது, எப்படிச் சரிசெய்தாள் என்று விளக்கத் தெரிந்தால். கேட்டதற்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, எங்கே தேடுவேன் என்று சொல்வது நல்லது.

இப்போது பணம். ‘கல்விக் கட்டணம்’ என்ற சொல்லுக்குள் என்னென்ன வராது என்று பாருங்கள்: பதிவுக் கட்டணம், வளக் கட்டணம், ஆய்வுக்கூடம், மாணவர் நடவடிக்கைக் கட்டணம், வைப்புத்தொகை. எம்.பி.யூ. எனும் பொதுப்பாடங்களுக்குத் தனியாகக் காசு வாங்கும் இடமும் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இரட்டைச் சான்றிதழ் படிப்பு என்றால், அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் செலுத்தும் தொகை தள்ளுபடியில் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள்.

கணக்குக்கு ஒரு மாதிரி. கோலாலம்பூர் பக்கம் மூன்று ஆண்டுக் கல்விக் கட்டணம் 96,000 ரிங்கிட், அது முழுதும் தள்ளுபடி என்று வையுங்கள். மற்றக் கட்டணங்கள் ஆண்டுக்கு 3,000 வீதம் 9,000. அறை வாடகை மாதம் 650, முப்பத்தாறு மாதத்துக்கு 23,400. சாப்பாடு நாளைக்கு 25 ரிங்கிட், மாதம் 750, மொத்தம் 27,000. ஆக 59,400 ரிங்கிட் உங்கள் பையிலிருந்து போகும், பண்டிகைக்கு ஊர் வந்து போகும் பஸ், ரயில் காசு சேர்க்காமல். இப்போது பினாங்கிலேயே, வீட்டிலிருந்து போய்வரும் ஓர் இடம்: மூன்று ஆண்டுக் கட்டணம் 48,000, ஐம்பது விழுக்காடு தள்ளுபடி போக 24,000. மற்றக் கட்டணங்கள் 4,500. போக்குவரத்து மாதம் 200 வீதம் 7,200. மொத்தம் 35,700. முழு உபகாரச் சம்பளம் வாங்கிய பிள்ளை பாதி வாங்கிய பிள்ளையைவிட 23,700 ரிங்கிட் அதிகம் செலவழிக்கிறாள். வீட்டுச் சாப்பாடு சும்மா வருவதில்லை என்பது உண்மை, அதற்கு ஏதாவது போட்டுக்கொண்டாலும் இடைவெளி இருக்கும். படிப்பின் தரம், வேலை வாய்ப்பு, மகளின் விருப்பம் இவற்றுக்காக அந்தத் தொகையைக் கொடுப்பது நியாயமாகவே இருக்கலாம். தெரிந்து கொடுங்கள், அவ்வளவுதான். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள்.

பவுண்டேஷன் ஆண்டில் இன்னொரு பொறி இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்தவர் நேராகப் பட்டத்துக்குப் போக முடியாது, நடுவில் பவுண்டேஷன், ஏ லெவல், ஆறாம் படிவம் முடித்து எழுதும் எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா வேண்டும். எஸ்.பி.எம். முடிவுக்குத் தரும் நூறு விழுக்காடு பவுண்டேஷனுக்கு மட்டுமாக இருக்கலாம். பட்டப்படிப்புக்குப் பவுண்டேஷனில் எடுத்த சி.ஜி.பி.ஏ.-வை (எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரிப் புள்ளியை) வைத்து மறுபடி போட்டி நடக்கும். ஓர் ஆண்டு இலவசமாகப் படித்துவிட்டு, அடுத்த மூன்று ஆண்டுக்கு இருபத்தைந்து விழுக்காடு மட்டும் கிடைத்து, கிரெடிட் மாற்றிக்கொண்டு போக வேறு இடமும் சரியாக அமையாமல் நிற்கும் குடும்பங்கள் உண்டு. ‘இந்தக் கடிதம் எந்த ஆண்டு வரை?’ என்பதை மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள். மிட் வேலியிலோ பினாங்கு ஸ்பைஸ் அரங்கிலோ நடக்கும் கல்விக் கண்காட்சியில் மேசையில் உட்கார்ந்திருப்பவர் வாயால் சொல்வது கணக்கில் வராது. அவருக்குச் சேர்க்கை இலக்கு இருக்கும். வெளி ஏஜென்டுகளுக்கோ உபகாரச் சம்பளம் தரும் அதிகாரமே கிடையாது, ‘வாங்கித் தருகிறேன்’ என்று காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உபகாரச் சம்பளத்தைத் தக்கவைக்கும் நிபந்தனையை நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலே வைப்பேன். 3.5 என்று ஒரு கடிதம் சொல்லும், 3.3 என்று இன்னொன்று. பார்க்க வேண்டியது அந்த எண் மொத்த சி.ஜி.பி.ஏ.-வா, ஒவ்வொரு செமஸ்டர் ஜி.பி.ஏ.-வா என்பது. ஒரு செமஸ்டரில் ஐந்து பாடம், ஒவ்வொன்றும் மூன்று கிரெடிட் என்று கொள்ளுங்கள். இரண்டு ஏ (4.00), இரண்டு பி பிளஸ் (3.33), ஒரு பி (3.00) என்றால் சராசரி 3.53, 3.5 கேட்கும் இடத்தில் தப்பித்தாள். அந்த பி பிளஸ்களில் ஒன்று பி மைனஸாக (2.67) இறங்கினால் 3.40, உபகாரச் சம்பளம் போச்சு. ஒரே பாடம்! குறுகிய செமஸ்டர் இன்னும் ஆபத்து: இரண்டே பாடத்தில் ஒரு ஏ மைனஸ் (3.67), ஒரு பி என்றால் 3.335-தான். மொத்த சி.ஜி.பி.ஏ. முறையில் கொஞ்சம் மூச்சு விடலாம், என்றாலும் முதல் செமஸ்டரில் 3.2 எடுத்தால் அதே அளவு கிரெடிட்டில் அடுத்ததில் 3.8 எடுத்தால்தான் 3.5-க்குத் திரும்ப முடியும். கணினி அறிவியலில் முதல் ஆண்டு நிரலாக்கமும் டிஸ்கிரீட் கணிதமும்தான் பெரும்பாலும் காலை வாருகின்றன. ஆகவே நூறு விழுக்காட்டுக்கு 3.7 கேட்கும் இடமும், எழுபத்தைந்து விழுக்காட்டுக்கு 3.0 கேட்கும் இடமும் கையில் இருந்தால், நான் இரண்டாவதை எளிதில் தள்ளமாட்டேன்.

கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும். ஒரு செமஸ்டர் அவகாசமா, உடனடி ரத்தா, அல்லது வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டுமா? பாடத்தைக் கைவிட்டால், துறை மாறினால், நோயால் ஒரு செமஸ்டர் தள்ளிப்போட்டால் என்ன என்றும் கேளுங்கள். சில உபகாரச் சம்பளங்களில் திறந்த நாள், கண்காட்சி ஆகியவற்றுக்கு இத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்றிருக்கும். அது தேர்வு வாரத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது மகளின் பொறுப்பு.

மற்ற வாசல்களையும் மூடாதீர்கள். மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பியுங்கள், ஆறாம் படிவத்தையும் மனத்தில் வையுங்கள். எஸ்.டி.பி.எம்.மில் 4.00-ஐ ஒட்டி எடுத்து வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகம் திறக்கிறது, தனியார் பல்கலைக்கழகங்களும் பட்டப்படிப்புக்கே நேராக உபகாரச் சம்பளம் தருகின்றன. பட்டப்படிப்புக் கட்டணம் கையைக் கடித்தால், ஊழியர் சேமநிதியில் 2024 மே முதல் உள்ள செஜாத்தெரா கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்க வழி உண்டு. பி.டி.பி.டி.என். எனும் அரசாங்கக் கல்விக் கடன் பின்னால் தேவைப்படும் என்றால் மகள் பெயரில் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக் கணக்கை இப்போதே திறந்துவையுங்கள். படிப்பு, அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் இணையத்தில் பார்த்துவிடலாம்.

மெட்ரிகுலேஷன் முடிவு வருவதற்கு முன்பே தனியார் பல்கலைக்கழகம் பதிவுக் காசைக் கட்டச் சொல்லும். எவ்வளவு, எந்த நாள் வரை திரும்பக் கிடைக்கும், வகுப்பு தொடங்கிய பிறகு விலகினால் என்ன என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். முதல் சுற்றில் இடம் கிடைக்கவில்லை என்றாலும் உடனே விட்டுவிடாதீர்கள். மெட்ரிகுலேஷனுக்கும், ஜே.பி.ஏ. எனும் பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளத்துக்கும் பிள்ளைகள் கிளம்பிப் போகும் வாரங்களில் கொடுத்த உபகாரச் சம்பளங்கள் திரும்பி வரும். உண்மை முடிவுச் சீட்டை இணைத்து, விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, ‘காத்திருப்போர் பட்டியலில் என் பெயரை வைத்திருக்க முடியுமா?’ என்று உபகாரச் சம்பளப் பிரிவுக்கு மகளே நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதட்டும். சேர்க்கைப் பிரிவுக்கு இல்லை, உபகாரச் சம்பளப் பிரிவுக்கு. இரண்டும் வேறு வேறு மேசை, ஒன்றுக்குப் போனது மற்றொன்றுக்குப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்க வேண்டாம்.